சூப்கடை ஐயாவின் கடைசி எபிசோட்

இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்புக்குள் ரிமோட்டின் இரண்டு பேட்டரிகளை ஒளித்து வைத்துக்கொண்டு, உலகத்தில் ரிமோட் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்போல தவராசா சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனப்பா, ரிமோட் வேலை செய்யுதில்லை?" என்றாள் மனைவி ரதிதேவி.

"பழுதாப் போச்சுதாக்கும். இண்டைக்கு விடுவம். நீரும் கடையில நிண்டு களைச்சு வந்திருக்கிறீர்."

"ஓம், விடுவம்" என்று அவள் உடனே எழுந்து சமையலறைக்குப் போனாள். இவ்வளவு லேசாக முடியும் என்று தவராசா எதிர்பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். போன வருடம் தவராசாவுக்கு இருதய ஆப்பரேஷன். ஓய்வில் இருந்தவருக்கு மகள் சிவானி ஒரு கொரியன் தொடரைப் போட்டுக் கொடுத்தாள். சின்னக் கடற்கரை ஊர். அங்கே சூப்கடை வைத்திருக்கும் ஒரு ஐயா. அவருடைய மகளுக்கும் ஊர்ப் பொலிஸ்காரனுக்கும் காதல். கோயில் மணியைக் களவெடுத்தது யார் என்று ஒரு மர்மம். முப்பது வருடக் கல்யாணத்தில் இருவரும் ஒரே சோபாவில் ஒழுங்காக உட்காரப் பழகியது அப்போதுதான். தனியாகப் பார்ப்பதில்லை என்று ஒப்பந்தமும் இருந்தது.

மணிக் கள்ளன் பிடிபட்ட கையோடு ஐயாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தவராசாவுக்குச் செய்த அதே ஆப்பரேஷன். அன்றிலிருந்து ரதிதேவி வெள்ளிக்கிழமை விரதம். ஆருக்கு நேர்த்தி என்று கோயிலில் கேட்டவர்களிடம், "எங்களுக்குத் தெரிஞ்ச ஐயா ஒராள்" என்றாள். ஐயா கொரியாக்காரர் என்பது பிள்ளையாருக்கு மட்டுந்தான் தெரியும்.

வியாழக்கிழமை அவள் பாட்டனி டவுன்ஸில் இருக்கும் கடைக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்து, தவராசா கடைசி எபிசோடைத் திருட்டுத்தனமாகப் போட்டார். ஆஸ்பத்திரி மெஷினில் கோடு நேராக ஓடியது. ஐயாவின் மகள் கதறினாள். தவராசா டிவியை அணைத்துவிட்டு, தன் நெஞ்சைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். ரதி இதைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் இனி அவர் தும்மினாலும் அவள் நித்திரை கொள்ளமாட்டாள். அவளைப் பயப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை.

சிவானி அறையிலிருந்து வந்து, அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தாள். ஆக்லாந்தில் பிறந்தவள், கோபம் வந்தால் மட்டும் தமிழ் கதைப்பாள்.

"வாட்? நோ ஃபைனல் எபிசோட்? நோ வே! டுடே!"

சமையலறைச் சுவர் மணிக்கூட்டின் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இப்போது ரிமோட்டைக் காணவில்லை.

"இஞ்சதானே கிடந்தது" என்றாள் ரதிதேவி, கையைத் துடைத்தபடி.

தவராசா மனதுக்குள் பிள்ளையாருக்கு நன்றி சொன்னார்.

"நோ ப்ராப்ளம்" என்று சிவானி தன் போனாலேயே டிவியைப் போட்டாள். கொரியக் கடல் திரையில் விரிந்தது. தவராசா பாய்ந்து போய், இன்டர்நெட் வயரைப் பிடுங்கக் குனிந்தார். சாரம் தளர்ந்தது. இரண்டு பேட்டரிகளும் உருண்டு போய் மகளின் காலடியில் நின்றன.

"டாட்?"

இனி மறைத்துப் பயனில்லை.

"ரதி, நான் தனியப் பாத்திட்டன். ஐயா... ஐயா போயிட்டாரப்பா. நீர் பாத்தா என்னை நினைச்சுப் பயப்பிடுவீர் எண்டுதான்..."

ரதிதேவி சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தவளின் கையில் ரிமோட். பொத்தான் இடுக்கெல்லாம் அரிசி.

"அரிசி வாளிக்குள்ள ஒளிச்சனான். நானும் பாத்திட்டன், வேலையில, சாப்பாட்டு நேரத்தில, போனில. அந்தக் கோடு நேரா ஓடினதும் நிப்பாட்டிப் போட்டு அழுதனான். உங்களுக்கு இது தெரியக்கூடாது எண்டு நினைச்சனப்பா."

தவராசா அவள் கையைப் பிடித்தார். இருவரும் கொரியாக்காரருக்காகவும் தங்களுக்காகவும் சேர்ந்து அழுதார்கள்.

சிவானி போனில் இரண்டு பேரும் தொடர் பார்க்கும் கணக்குகளைத் திறந்து பார்த்தாள். முகம் சிவந்தது. தமிழ் வந்தது.

"ரெண்டு பேரும் ஐம்பத்திரண்டாம் நிமிசத்தில நிப்பாட்டியிருக்கிறியள், அந்தாள் ஐம்பத்தஞ்சில கண்முழிச்சு சூப் கேக்குது!"