மாப்பிள்ளை அனுப்பிய நாடி மெஷின்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நான் நலம். நலம் என்றால் இப்போதெல்லாம் நிமிடத்துக்கு அறுபத்திரண்டு என்று பொருள். அங்கு நீங்களும் உங்கள் மனைவியும், அதாவது என் மகளும், நலந்தானே?

நாடித் துடிப்பு பார்க்க நீங்கள் அனுப்பிய மெஷின் வேலை செய்யவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அது வந்து சேர்ந்ததே பெரிய கதை. படபடப்புக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எழுதிய டாக்டர், "சட்டுனு எழுந்திரிக்காதீங்க, தலை சுத்தும். உக்காந்து, நிதானமா எழுந்து, அப்புறம் நடங்க" என்றார். கூரியர்காரர் மணி அடித்ததும் நானும் கட்டிலில் உட்கார்ந்து, நிதானித்து, எழுந்து, நடந்து கதவைத் திறந்தேன். 'வீட்டில் ஆள் இல்லை' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார். மறுநாளும் அதே சீட்டு. மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆளைப் பிடித்தேன். உங்கள் மாமியார் போன பிறகு இந்த வீட்டைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை என்பதால் சீட்டுகளைக் கிழிக்கவில்லை.

முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்தவன் நான். என் கையில் கட்டிய மெஷின் ஒரு எண்ணையும் காட்டாமல் வாயை மூடிக்கொண்டது. டாக்டரோ, "தினமும் மாத்திரைக்கு முன்னாடி நாடி பாருங்க, அம்பதுக்குக் கீழ போனா போடாம எனக்கு போன் பண்ணுங்க, மறந்துட்டா ரெண்டா சேர்த்துப் போடாதீங்க, நீங்களா ஒருநாளும் நிறுத்தாதீங்க" என்று ஆயிரம் சொல்லியிருக்கிறார். வேறு வழியில்லாமல் தினமும் காலையில் மருந்துக்கடைக்கு நடக்கிறேன். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, முழுதாக ஒரு நிமிடம் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுகிறார்.

"பேசாதீங்க சார், எண்ணிக்கை விட்டுப்போகும்."

பேச ஆள் தேடி அவ்வளவு தூரம் நடந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.

"அறுபத்திரண்டு. ஏன் சார் கை இவ்ளோ சில்லுனு இருக்கு? இந்த மாத்திரைக்கு அப்படி ஆகும். எதுக்கும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

ஒருநாள் சந்தேகமாக இருக்கிறது என்று இரண்டாம் முறை எண்ணச் சொன்னேன். பின்னால் குடையோடு நின்றவர், "மருந்து விக்கிறாங்களா, கைரேகை பாக்கிறாங்களா?" என்று கத்தினார்.

இப்போது நீங்கள் போனில், "வெள்ளிக்கிழமை புது மெஷின் அனுப்பிடறேன் மாமா, ரீடிங் நேரா எங்க போனுக்கே வந்துடும், இனிமே உங்களைக் கேக்கவே வேண்டாம்" என்றீர்கள். கேட்கவே வேண்டாம் என்றதும் எனக்குப் பகீரென்றது. தயவுசெய்து அனுப்பாதீர்கள். இன்னொரு முறை விடிந்ததிலிருந்து கதவோரம் உட்கார என் முதுகு இடம் கொடுக்காது.

இருவரும் குறைவில்லாத துடிப்போடு நீண்ட நாள் வாழ வாழ்த்தும்,
தங்கள் மாமனார்.

பி.கு.: மெஷினில் ஒரு குறையும் இல்லை. பேட்டரி என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. ஞாயிறன்று கடை திறக்காது, அன்று மட்டும் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. என் கையை ஒருவர் பிடிப்பது நாளுக்கு அந்த ஒரு நிமிடம்தான், மாப்பிள்ளை. எதையாவது அனுப்பியே தீர வேண்டுமென்றால் என் மகளை நாலு நாள் அனுப்பிவையுங்கள். அவள் எண்ண வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டால் போதும். எண்ணிக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன்.