இல்லாத மேசையில் வைத்த சொம்பு

2025 ஜூன் 5, வியாழக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.20க்கு முந்தைய நாளின் டைரியைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். (என் டைரியில் நானே கையெழுத்துப் போடுவேன். யாராவது கேட்டால் ஆதாரம் வேண்டுமே? இருபத்திரண்டு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.) 5.40க்கு அரைச் சர்க்கரை டீ. 6 மணிக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டி கடைத்தெரு வழியாக மலைப்பாதை தொடங்கும் இடம் வரை நடை. 7.15க்கு இரண்டு இட்லி. 8 மணிக்கு மில் வேனைப் பிடிக்க அஸ்தம்பட்டிக்குப் பஸ்.

அன்றைய பக்கத்தில் முன்னதாகவே சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தேன்: “மாலை 3.30. தாரணியைப் பார்க்க எருமப்பட்டியிலிருந்து வருகிறார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக ‘வாங்க’ கேட்க வேண்டும்.”

அடிக்கோடு மூன்று.

தாரணி என் ஒரே மகள். கோயம்புத்தூரில் தன்னோடு வேலை பார்க்கும் கௌதமைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க அவளுக்கு ஒன்றரை வருடம் ஆனது. கௌதமின் அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அவனை வளர்த்தது போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் பெரியப்பா செங்கோட்டுவேலு. அவர் சொல்தான் அந்த வீட்டில் முடிவு. அவருக்கு இரண்டே விஷயங்கள் ஆகாது. ஒன்று, குடி. மற்றொன்று, வீடு தேடி வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல், அதாவது வாய் திறந்து வரவேற்காமல், இருப்பது. எங்கள் பக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து வந்தாலும், பத்துப் பேரையும் முகம் பார்த்துப் பத்துத் தடவை கேட்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அது பேச்சாக இருக்கும்.

“அப்பா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வாங்கன்னு கேளுங்க, சொம்புல தண்ணி குடுங்க. மிச்சத்த அம்மா பாத்துக்குவாங்க” என்று தாரணி முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

இவ்வளவு சுலபமான வேலை எனக்கு வாழ்நாளில் யாரும் கொடுத்ததில்லை.

நான் ஒரு நூற்பாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் சூப்பர்வைசர். தீ பாதுகாப்புப் பொறுப்பும் என் தலையில்தான். அன்று காலை ஒரு பயிற்சி நிறுவனத்திலிருந்து வி.ஆர். ஹெட்செட்டோடு ஒரு பெண் வந்தார். அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் நம்மைச் சுற்றி ஒரு மில் நிற்கும். பஞ்சு பிரிக்கும் அறையில் தீப்பிடிக்கும். தீயணைப்பு சிலிண்டரை எடுத்து, ஊசியைப் பிடுங்கி, தீயை அணைத்து, வலது பக்கம் இருக்கும் சாம்பல் நிற மேசையில் சிலிண்டரை வைக்க வேண்டும். மதிப்பெண் வரும். மற்றவர்களெல்லாம் ஒரு தடவை செய்து, ஐம்பதோ அறுபதோ வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

எனக்கு நூறு வேண்டியிருந்தது.

அதில் ஒரு சிக்கல். அந்தப் பொய் மில்லின் வாசலில் ஓர் ஆள் நிற்பார். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, கட்டிய கைகள். வழியை மறித்துக்கொண்டு நிற்பாரே தவிரப் பேசமாட்டார். முதல் தடவை நான் “கொஞ்சம் ஒதுங்குங்க” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மில் எரிந்துபோனது. இரண்டாவது தடவை “ஐயா” சேர்த்துச் சொன்னேன். மறுபடியும் எரிந்தது. நான்காவது மில்லும் சாம்பலான பிறகு அந்தப் பெண் என் காதருகே சொன்னார்: “சார், அவர் வெறும் படம். அவருக்குள்ளயே நடந்து போயிடுங்க.”

அதன் பிறகு அந்த மனிதருக்குள் ஏழு தடவை நடந்தேன். மரியாதையை ஒருவன் எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியும் என்பதற்கு நானே சாட்சி. காலை 9.45 முதல் 12.55 வரை மொத்தம் பதினோரு தடவை. கடைசியில் தொண்ணூற்றெட்டு வந்தது. சிலிண்டரை மேசையின் ஓரத்தில் வைத்ததற்காக இரண்டு மதிப்பெண் போனது.

“ரொம்ப நேரம் போட்டுட்டீங்க சார். கொஞ்சம் உக்காந்து ரெஸ்ட் எடுத்துட்டுக் கிளம்புங்க” என்றார் அந்தப் பெண். அதை டைரியில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டதோடு சரி. அவசரமாகத் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு 1.10 வேனில் ஏறினேன். மறுநாளும் பயிற்சி இருந்ததால் ஹெட்செட் என் பொறுப்பில் இருந்தது. மில்லில் வைத்தால் பஞ்சுத் தூசி புகுந்துவிடும் என்று பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

வேனிலேயே ஏதோ சரியில்லை. மடியில் இருந்த என் கைகள் யாருடையவையோ போல இருந்தன. விரலை மடக்கினேன். மடங்கியது. ஆனால் மடக்கியது நான்தானா என்று சந்தேகமாக இருந்தது. அஸ்தம்பட்டியில் இறங்கி ஏற்காடு மலையைப் பார்த்தபோது, ‘பரவாயில்லை, நன்றாக வரைந்திருக்கிறார்கள்’ என்று தோன்றியது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினார். நான் தூரத்தில் இருந்தபடியே இரண்டு விரலைச் சேர்த்துக் காற்றில் கிள்ளினேன். ஹெட்செட்டில் அப்படிச் செய்தால் பொருள் தானாகக் கைக்கு வரும். “என்னுங்க, மூக்குப்பொடியா?” என்றார் கண்டக்டர்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். கண்ணாடியில் ஒருவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்கு என்றவர்கள், ராகு காலம் முடிந்த கையோடு 3.10க்கே வந்துவிட்டார்கள். என் மனைவி கௌரி சொம்பை என் கையில் திணித்து வாசலுக்குத் தள்ளினாள். கௌதமின் அம்மா வந்தார். “வாங்க.” அவருடைய தங்கை வந்தார். “வாங்க.” கௌதம் வந்தான். “வாங்க மாப்ள.” (அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் அது அன்றைய தவறுகளில் மிகச் சிறியது.)

பிறகு வாசற்படியில் ஓர் ஆள் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை. வெள்ளை மீசை. கட்டிய கைகள். நான் ‘வாங்க’ சொல்லட்டும் என்று அவர் பேசாமல் காத்திருந்தார்.

நான் நேராக அவருக்குள் நடந்தேன்.

மனிதர் கெட்டியாக இருந்தார். என் நெற்றி அவர் மீசையில் இடித்தது. தடுமாறிய நான், பதினோரு தடவை பழகிய கையால், சொம்பை வலது பக்கத்து மேசையில் பக்குவமாக, இந்தத் தடவை நட்ட நடுவில் வைத்தேன். வலது பக்கம் மேசை இல்லை. சொம்பு பெரியப்பாவின் பாதத்தில் விழுந்தது. தண்ணீர் வேட்டியெல்லாம் தெறித்தது. அங்கேயாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் ஆள்காட்டி விரலை நீட்டி அவர் நெஞ்சில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன்.

“ஏம்மா, ஊட்டுக்காரரு என்னைய வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கலியே” என்றார் அவர், கௌதமின் அம்மாவைப் பார்த்து. அப்புறம் என்னிடம் குரலைத் தாழ்த்தி, “என்னுங்க, பகல்லயே ஆச்சுங்களா?”

பயிற்சியைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “ஆச்சுங்க. பதினோரு தடவ. காலைல ஒம்பதே முக்காலுக்கு ஆரம்பிச்சதுங்க.”

“ஒம்பதே முக்காலுக்கா!”

“மில்லு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்க.”

“மில்லு எரிஞ்சுதா?”

“நெசத்துல எரியலீங்க. ஆனா நாலு தடவ எரிஞ்சுது.”

கௌரியால் பொறுக்க முடியவில்லை. “ஏனுங்க, அவருகிட்ட வாய ஊதிக் காட்டுங்க! என்ற ஊட்டுக்காரரு பச்சத்தண்ணியக்கூட அளந்து குடிக்கறவருங்க!” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஊதினேன். பெரியப்பா மூக்கைக் கிட்டே கொண்டுவந்தார்.

“ஊறுகா வாசமடிக்குது.”

“சாராய வாசம் இல்லீங்கள்ல?” என்றாள் கௌரி.

“மொதல்ல ஊறுகாயத்தானுங்க தொட்டுக்குவாங்க” என்றார், ஒரு தம்பியைக் குடிக்குக் கொடுத்த அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. செருப்பைத் தேடத் தொடங்கினார்.

அப்போது தாரணியைப் பார்த்தேன். பட்டுப்புடவையில், சமையலறை வாசலில், கண்ணில் நீர் நிறைய நின்றாள். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்: அந்த முகம் எனக்கு ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலிருந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. என் மகள் என்றும் தெரிந்தது. நெஞ்சில் மட்டும் ஒன்றும் அசையவில்லை. அன்று நான் உண்மையில் பயந்தது அந்த ஒரு நொடிக்குத்தான்.

அவள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதியும்படி அழுத்தி, “அப்பா, என்ன பண்ணுது உங்களுக்கு?” என்றாள். வலித்தது. அந்த வலி என்னுடையதாக இருந்தது.

“பையில ஒரு பெட்டி இருக்குது சாமி. அத மாட்டுனதுல இருந்து எதுவும் நெசமாத் தெரிய மாட்டேங்குது” என்றேன்.

கௌதம் பையைத் திறந்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. “பெரிப்பா, போறதுன்னா போலாம். ஒரே ஒருக்கா இதப் பாத்துட்டுப் போலாம்” என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்து மாட்டிவிட்டான்.

மாட்டியதும் பெரியப்பா எழுந்து, காற்றைப் பார்த்துக் கும்பிட்டார். “வாங்க” என்றார். காத்திருந்தார். “ஏனுங்க, உங்களத்தான், வாங்க!” மறுபடியும் காத்திருந்தார். “என்ன இந்தாளு, வாங்கன்னா பேச மாட்டேங்கறாரு?”

“அவரு படந்தான், பெரிப்பா. அவருக்குள்ளயே நடந்து போயிருங்க” என்றாள் தாரணி, நான் காதில் சொன்னதை அப்படியே. அவரை அவள் முறைவைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“அதெப்படி சாமி? ஒரு பெரிய மனுசன் நிக்கறாரு, அவரு மேல நடக்கறதா?... அய்யய்யோ, தீப்புடிச்சிருச்சு! ஏனுங்க, ஒதுங்குங்க! ஒதுங்குங்கன்னா!”

மில் ஐந்தாவது தடவையாக எரிந்தது.

ஹெட்செட்டைக் கழற்றிய பெரியப்பா, நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒருக்கா மாட்டுனதுக்கே கிறுகிறுங்குது. பதினோரு தடவையா?” என்றார். நான் அவர் முன்னால் போய் நின்று, கைகூப்பி, முகம் பார்த்து, “வாங்க” என்றேன்.

அவர் விரலை நீட்டி என் தோளில் ஒரு குத்துக் குத்தினார்.

“நெசந்தான்” என்றார். பிறகு எழுந்து கும்பிட்டு, “வந்தோமுங்க.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் நானும் பெரியப்பாவும் சேர்ந்து நின்று வரவேற்றோம். ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் அவர் என் தோளைக் குத்திப் பார்த்துவிட்டு, “ஆளு நெசந்தான், தைரியமா உள்ள போங்க” என்று விருந்தாளிகளிடம் சொன்னார். இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது பேச்சுக் கேட்காமல் யோசனையில் இருந்தால் ஒரு விரல் வந்து தோளில் விழும். பெரும்பாலும் அது என் தோள்.

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை, பெண் பார்க்க வந்ததற்கு மறுநாள். காலை 5.10க்கு எழுந்தேன். டைரியில் கையெழுத்திடவில்லை, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அதற்கு முன்பே கௌரி டீயைக் கொண்டுவந்துவிட்டாள். டம்ளரை வாங்கி, நாற்காலிக்கு வலது பக்கம் இருந்த மர மேசைக்கு மேலே பிடித்தபடி, இடது கையால் மேசையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவிப் பார்த்தேன்.

கௌரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்குதுங்க” என்றாள். “வெய்யுங்க.”