நாஜியாவின் மூன்று வாசகர்கள்

“துப்பாக்கி வெடிக்கவே இல்லியேம்மா” என்றார் பரசுராமன்.

பொன்னேரியில் ரயில் ஏறி அப்போதுதான் உட்கார்ந்திருந்த நாஜியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் குறை சொன்னது, அந்த மாதம் கடைகளில் சக்கைப்போடு போட்ட சண்டை நாவலை. ஓர் ஆண் பெயரில் அதை எழுதியவள் அவள்தான் என்பது கணவன் அஃப்தாபையும் பதிப்பாளரையும் தவிர யாருக்கும் தெரியாது. அடுத்த நாவல் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், அது ஓடாவிட்டால் இத்தோடு சரி என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். தினமும் அதே பெட்டியில் கூட வரும் சிப்காட் தொழிற்பேட்டை ஆட்கள் மூன்று பேர் முதல் நாவலைப் படிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு கேட்காமல் இருக்க முடியுமா?

“நல்லா படிச்சுப் பாத்தீங்களா அண்ணே?”

“ஒரு எழுத்து உடல. ஹீரோ வர்றான், டீ குடிக்கிறான், பைக்கத் தொடைக்கிறான். அவ்ளோதான்.”

அன்று மாலையே நாஜியா புது நாவலின் முதல் பக்கத்தில் மூன்று பேரைச் சுட்டுத் தள்ளினாள்.

மறுநாள் அதே முதல் நாவலுக்கு பேக்கிங் பிரிவு சுமலதா உதட்டைப் பிதுக்கினாள். “எடுத்த எடுப்புலயே டுமீல் டுமீல்னு சுட்டுக்கினு கெடக்கறானுங்க. யாருக்கு யாரு இன்னா ஒறவுன்னே புரில அக்கா.”

புது நாவலில் செத்த மூவருக்கும் மாமன், மச்சான், பங்காளி எல்லோரையும் சேர்த்தாள் நாஜியா. கதாநாயகன் குறி பார்த்த கையோடு குடும்ப வரலாறும் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்து ஃபிட்டர் ஜெயராஜ். “ஆஸ்பத்திரில படுத்தவன் படுத்தவன்தான், கண்ணே தெறக்கல. இவனுக்கு இன்னாத்துக்கும்மா அட்டைல அவ்ளோ பெரிய மீசை?”

தன் நாயகன் கடைசியில் ஹெலிகாப்டரில் தொங்கியதை இவர் எப்படிக் கவனிக்காமல் போனார்? கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரே புத்தகம் மூன்று பேர் கண்ணுக்கு மூன்று விதமாகவா தெரியும்? அஃப்தாபிடம் புலம்பினாள். வாசகர் வாக்கே வேதவாக்கு என்று சொல்லிவிட்டு அவன் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான்.

புது நாயகன் ஏழு குண்டு பாய்ந்தும் படுக்கவில்லை. நின்றபடியே மாமன் மகளுக்குத் தாலி கட்டினான்.

வெள்ளிக்கிழமை மாலை நாவலைக் கொரியரில் போட்டுவிட்டு ரயில் ஏறினாள் நாஜியா. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள், தினமும் அதே பெட்டியில் பூ விற்கும் பூவம்மாள். இவள் கருத்தையும் கேட்டால் என்ன என்று ஆசை வந்தது.

“அந்தப் புக்க நீயும் படிச்சியா பூவம்மா?”

“எனக்கு எங்கம்மா குடுத்தாங்க? ஒரே புக்கு, மூணா கிழிச்சி ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கினாங்க. நாளைக்குத்தான் மாத்திக்கப் போறாங்களாம்.”