நிற்காத பச்சைப் பட்டை

கம்ப்யூட்டர் திரையில் கரும்பு விவசாயிகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினால் பச்சைப் பட்டை ஒரு பெயர் இறங்க வேண்டும். அதுவோ கடைசிப் பெயர்வரை வழுக்கிக்கொண்டு போய்த்தான் நின்றது. கரும்பு வெட்டச் சொல்லி யாருக்குக் கட்டிங் ஆர்டர் போட்டாலும் கடைசிப் பெயரான வேடியப்பனுக்கே அச்சாகி வந்தது.

"வேடியப்பன் கரும்பு வெட்டி முடிச்சு ராகி விதைச்சுட்டான், இன்னாசி" என்றார் மேனேஜர் தீர்த்தகிரி. "நாளைக்கு எம்.டி. வர்றாரு. இது ஓடலைன்னா உன்னையும் பொட்டியையும் ஒண்ணா வூட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாரு."

"புரோகிராம்லதாங்க கோளாறு. சரி பண்ணிடறேங்க."

காரிமங்கலம் பக்கத்துக் கரும்பாலையில் இன்னாசிராஜுக்குத் தற்காலிக வேலை. அது நிரந்தரமானால்தான் புஷ்பமேரியைக் கட்டித் தருவேன் என்று அவள் அப்பா ஸ்தனிஸ்லாஸ் கறாராகச் சொல்லியிருந்தார். பயலுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுதபூசையன்று மேனேஜரே தன் கையால் கீபோர்டின் பொத்தானுக்குப் பொத்தான் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். வேதக்காரப் பையன் அதை அழித்தான் என்று பேச்சு வரக்கூடாதே. பொட்டு கலையாமல் நக நுனியால் தட்டித் தட்டிப் புரோகிராமைத் திருத்தினான்.

கீழே முட்டினால் மேலே போ என்று எழுதினான். பட்டை மேலே போனது, மறுபடி கீழே வந்தது, கோயில் பிரகாரம் மாதிரி பெயர்களைச் சுற்றத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தான். நிதானமாகச் சுற்றியது.

"முன்னேயே தேவலாம். வேடியப்பனாவது நிச்சயமா வந்தான்" என்றார் தீர்த்தகிரி.

எங்கே தவறுகிறது என்று பார்க்க, பெயருக்குப் பெயர் ஒரு 'பீப்' சேர்த்தான். ஆபீசே தலையைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் எம்.டி. வந்தார். சத்தம் போட்டபடி சுற்றுகிற பட்டையை வெகுநேரம் பார்த்தார். எண்டரைத் தட்டினார். பட்டை குள்ளம்மாளிடம் நின்றது. மறுபடி சுற்றவிட்டுத் தட்டினார். மாதுவிடம் நின்றது.

"இது யார் யோசனை?"

"என்னோடதுதாங்க" என்றான் இன்னாசிராஜ், மூட்டை கட்டத் தயாராகி.

"குலுக்கல். அருமை. ஆபீஸ்காரங்களோட சொந்தக்காரனுக்குத்தான் முதல் வெட்டுன்னு இனிமே எவனும் வாயைத் திறக்க முடியாது. சாயங்காலம் விவசாயிங்களைக் கூப்பிடுங்க. அவங்க முன்னாடி இந்தத் தம்பி ஓட்டிக் காட்டட்டும், அங்கேயே நிரந்தர ஆர்டர் தர்றேன்."

இன்னாசிராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தான்.

சாயங்காலம் ஆபீஸ் நிறைந்துவிட்டது. ஸ்தனிஸ்லாசுக்கும் கரும்புக்காடு உண்டு; வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்து, மருமகனை முதல்முறையாகப் பார்த்துச் சிரித்தார். எம்.டி. கையில் ஆர்டரோடு தலையாட்டினார்.

டைப்பிஸ்ட் கண்ணம்மாள் மெல்ல வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"தைரியமா உட்காருங்க தம்பி. அந்த அம்புக்குறிப் பொத்தான் சந்தனம் காஞ்சு அமுங்கியே கெடந்துச்சு. ஸ்பிரிட் போட்டுச் சுத்தமாத் தொடச்சுட்டேன், இனிமே பட்டை தானா ஓடவே ஓடாது."