மூக்குக்கும் புருவத்துக்கும் நடுவே

கரடிகள் உறங்கப் போகிற நேரத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் வேறொரு பிராணி விழித்துக்கொள்ளும். இரண்டு கால், கழுத்தில் தொங்கும் அளவு நாடா, யாரைப் பார்த்தாலும் உச்சந்தலையில் தொடங்கி மோவாயில் இறங்கி நிற்கிற பார்வை. சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறவரோ என்று பயந்துவிடாதீர்கள். இவர் பனிச்சறுக்குப் பலகையின் நீளம் சொல்கிறவர். நீளநிபுணர்.

எந்தப் பனிமலையின் அடிவாரத்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். பலகைக் கடையில் வாங்க வந்தவருக்கும் விற்க வந்தவருக்கும் நடுவில் நிற்பார். பேருந்து நிறுத்தத்தில் உங்கள் தோளிலிருக்கும் பலகையைப் பார்த்துச் சோகமாகத் தலையாட்டுவார். "என்னங்க?" என்று கேட்டீர்களோ, பேருந்து போய்விடும். அவர் சறுக்குவாரா என்கிறீர்களா? சறுக்குவார், நேரம் கிடைத்தால். நேரம் எங்கே கிடைக்கிறது?

எங்கள் ஊரான ஓபர்ஃபெல்டில் இந்த இனத்தின் தலைமகன் கெப்ஹார்ட். பிழைப்புக்குக் காது கேட்கும் கருவி விற்கிறார். ஊரெல்லாம் கேட்க வைத்துவிட்டார். மனைவி ரோஸ்வித்தா சொல்வது மட்டும் இன்னும் அவருக்குக் கேட்டபாடில்லை.

ஒரு நவம்பரில் ரோஸ்வித்தாவின் அக்கா புர்கி இரவுச் சாப்பாட்டுக்கு வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மலைப் பாதை வளைவில் எதிரே வரும் லாரியைப் பின்னோக்கிப் போக வைக்கிற தைரியசாலி. அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இன்ஸ்ப்ருக் மருத்துவமனையில் மார்ச் மாதக் கடைசிக்கு அறுவைச் சிகிச்சை குறித்திருந்தார்கள். புது முழங்கால் வந்த பிறகு மலையேறிச் சறுக்க முடியுமா என்று கேட்டதற்கு மருத்துவர் ஜன்னல் பக்கம் பார்த்தாராம். ஆகவே, கையில் இருந்தது இந்த ஒரு குளிர்காலம். அவளுடைய பழைய பலகையோ போன வசந்தத்தில் ஒரு பாறையில் மோதிப் பிளந்து போயிருந்தது.

கல்லீரல் உருண்டை மிதக்கும் சூப்பை ஊதிக்கொண்டே அவள் கேட்டாள்: "கெப்ஹார்ட், எனக்கு ஒரே ஒரு ஜோடி வேணும். பேரப் பசங்களோட சாதா சரிவுல சறுக்கணும், புதுப்பனி விழுந்தா அதுலயும் இறங்கணும், ஒரு தரமாவது கிரௌகோஃப் உச்சிக்கு ஏறிட்டு வரணும். எவ்வளவு நீளம் வாங்கட்டும்?"

ரோஸ்வித்தா மேசைக்கடியில் அக்காவின் காலை மிதித்தாள். மிதித்தது நல்ல காலை. அதனால் பயனில்லாமல் போயிற்று.

கெப்ஹார்ட் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்தார். புர்கியைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். நூற்று அறுபத்து நான்கு சென்டிமீட்டர். குளியலறையிலிருந்து எடை பார்க்கும் கருவியைத் தூக்கி வந்து அவளை ஏற்றினார். "அறுபத்தெட்டு!" என்று ஏலக்காரர் போலக் கூவினார்.

"ஊருக்கே சொல்லிடு," என்றாள் புர்கி.

"கேளு. அழுத்திச் சமப்படுத்தின சரிவுன்னா பலகை மோவாய் வரைக்கும் போதும், சட்டுனு திரும்பும். புதுப்பனியில மிதக்கணும்னா நெத்தி வரைக்கும் வேணும், இல்லேன்னா முனை பனிக்குள்ள குத்திடும். பின்னால வழுக்காம இருக்க அடியில தோல் ஒட்டிக்கிட்டு மலை ஏறணும்னா எடை குறையணும், மூக்குக்கு மேல போகக் கூடாது. மூணுக்கும் சேர்த்து ஒண்ணுன்னா..."

"ஒண்ணுன்னா?"

"மூக்குக்கும் புருவத்துக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சிடு. வெள்ளிக்கிழமை கடைக்குப் போறேன்."

"வெள்ளிக்கிழமையா?" என்று கெப்ஹார்ட் அதிர்ந்தார். வெள்ளிக்கிழமை பேருந்திலிருந்து முதலில் இறங்குகிற ஆளைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்.

அங்கேயே அவள் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நிபுணர் என்று ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது நாமாக ஒரு பொருளை வாங்குவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். லாரியைப் பின்வாங்க வைக்கிறவளுக்கும் அது இல்லை.

டிசம்பரில் பலகை விற்கும் பிர்மினின் கடையிலிருந்து அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "நூத்தி ஐம்பத்திரண்டுல ஒண்ணு இருக்கு. கையில தூக்கிப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கவா?"

"எடு," என்றார் கெப்ஹார்ட். "ஆனா..."

இந்த ‘ஆனா’ இருக்கிறதே, இதில் எத்தனை குளிர்காலங்கள் உருகி ஓடியிருக்கின்றன தெரியுமா? அதற்குள் பலகையின் இடுப்பகலம் வந்தது, வளையும் தன்மை வந்தது, அவளுடைய காலணியின் விறைப்பு வந்தது, நார்வேக்காரர்கள் இதுபற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது வந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் ஹாலந்திலிருந்து வந்த ஒரு பெண்மணி அந்தப் பலகையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பிர்மினுக்கு அதில் வருத்தமில்லை. அவர் வியாபாரி, கெப்ஹார்ட் எது சொன்னாலும் "அதேதான்" என்பார், கெப்ஹார்ட் கடைக்கு நேரில் வந்தால் பின்னறையில் மெழுகு உருக்கும் வேலை இருப்பதாக ஞாபகம் வந்து மறைந்துவிடுவார்.

ஜனவரியில், வாடகைப் பலகைகளை மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஆயிற்று. புர்கி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கெப்ஹார்ட் ஒவ்வொரு ஜோடியையும் முதலில் தானே மாட்டிக்கொண்டு மலைமேல் இழுத்துச் செல்லும் லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்கினார். அவர் அவளைவிட ஒரு சாண் உயரம், இன்னும் சில உருண்டைகள் கனம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்க வந்து, "உனக்கு இது சரிப்படாது" என்று தீர்ப்புச் சொன்னார். அவள் அடிவாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, தனக்கு என்னென்ன சரிப்படாது என்று சாயங்காலம் வரை தெரிந்துகொண்டாள்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு வழியாக நீளம் பிடிபட்டுவிட்டது. கொண்டாடலாமா? வேண்டாம். அந்த வாரமே அவர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்: முனை மேலே வளைந்த பலகைகளில் எழுதியிருக்கிற நீளம் நீளமே அல்ல, பனியைத் தொடுகிற நீளம்தான் நீளம். மறுபடியும் மூக்கிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

"கெப்ஹார்ட், அக்காவுக்கு மார்ச்சுல ஆபரேஷன்," என்றாள் ரோஸ்வித்தா.

"அதனாலதான் சொல்றேன், அவசரப்பட்டுத் தப்பா எதையும் வாங்கிடக் கூடாது."

அந்த மாதக் கடைசியில் பனி கொட்டித் தீர்த்தது. பிறகு வானம் வெளுத்தது. சனிக்கிழமை காலை கிரௌகோஃப் போவது என்று அக்காவும் தங்கையும் முடிவு செய்தார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் புர்கி வந்து இறங்கியபோது கையில் ஒரு ஜோடிப் பலகை இருந்தது. பிர்மின் கடையின் வாடகைக் குவியலில் மிஞ்சிக் கிடந்தது. கீறல் விழுந்த, ரோஜா நிறப் பலகை.

கெப்ஹார்ட் கண்ணாலேயே அளந்துவிட்டார். "நூத்தி நாப்பது! மோவாய்கூட எட்டலை! புர்கி, இது ஸ்கூல் பொண்ணு போடறது. இன்னிக்கு முழங்கால் ஆழம் பனி. முனை உள்ள போயிடும்."

"போகட்டும்."

"தலைகுப்புற விழுவ."

"விழறேன். வர்றியா, இல்லையா?"

வரத்தான் நினைத்தார். ஆனால் அவருடைய கார் மேலே மூன்று ஜோடிகள் கட்டியிருந்தன. ஏறுவதற்குக் குட்டை நல்லது. இறங்குவதற்கு நெட்டை நல்லது. நடுத்தரம் இரண்டுக்கும் பரவாயில்லை, அதாவது இரண்டுக்கும் போதாது. அவர் ஒன்றை இறக்கி அடியில் தோல் ஒட்டினார். பனியைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தார். தோலை உரித்தார். "நீங்க முன்னாடி போங்க, வந்துடறேன்," என்றார். பெண்கள் இருவரும் காட்டுக்குள் நுழைந்து மறைந்தார்கள்.

வெயில் ஏறிய பிறகு நெட்டை வென்றது. கெப்ஹார்ட் புறப்பட்டார். காட்டுக்குள் பாதை குறுக்கும் நெடுக்குமாக மடிந்து மடிந்து ஏறும்; ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு காலைத் தூக்கிப் பலகையோடு அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். நெட்டைப் பலகையின் வால் முதல் மடிப்பில் ஒரு கிளையைத் தட்டியது. இரண்டாவது மடிப்பில் அவருடைய கெண்டைக்காலையே தட்டியது. மூன்றாவதில் அது பனிக்குள் குத்திக்கொள்ள, ஒரு கால் கிழக்கேயும் ஒரு கால் மேற்கேயும் நின்ற நிபுணர் மெதுவாக, மிக மெதுவாக, ஓர் ஊசியிலை மரத்தடிப் பள்ளத்துக்குள் முதுகால் சரிந்தார்.

மரம் தன் மேலிருந்த பனியை எல்லாம் அவர்மேல் இறக்கிவைத்தது.

பள்ளத்தில் கிடந்தபடி பார்த்தால் மரங்களின் இடைவெளியில் மேல்சரிவு தெரிந்தது. அதில் இரண்டு புள்ளிகள். ஒன்று சீராக வளைந்து வளைந்து வந்தது. அது அவர் மனைவி. இன்னொன்று நேராக வந்தது, அலறியது, முனை உள்ளே போய்த் தலைகுப்புற விழுந்தது. வெள்ளைப் புகை எழுந்தது. புகைக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது. அந்தப் புள்ளி மறுபடி எழுந்தது, வந்தது, விழுந்தது. அவர் சொன்னது அத்தனையும் சரி. ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. அதுதான் கொடுமை. சரியாகச் சொன்னவர் பள்ளத்தில் கிடக்கிறார். தப்பாக வாங்கியவள் மலையிலிருந்து சிரித்துக்கொண்டு இறங்குகிறாள். அந்தக் குளிர்காலத்தில் தான் இன்னும் ஒரு முறைகூடப் புதுப்பனியில் இறங்கவில்லை என்பது அப்போதுதான் கெப்ஹார்டுக்கு உறைத்தது.

அவர் பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டு, முழங்கால் புதையும் பனியில் நடந்தே கீழே வந்து சேர்ந்தார். புர்கி காரின் பின்பக்கம் உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டு, காதுக்குள்ளிருந்து பனியைத் தோண்டிக்கொண்டிருந்தாள். முகம் வலியில் சுருங்கியிருந்தது. கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கெப்ஹார்ட் சொன்னது இது:

"விழுந்தியா?"

"விழுந்தேன்."

"முனை உள்ள போச்சா?"

"போச்சு."

அவர் முகம் பிரகாசித்தது. "சொன்னேன்ல!"

புர்கி காதைத் தோண்டுவதை நிறுத்தினாள். "சொன்ன, கெப்ஹார்ட். நவம்பர்லேர்ந்து சொல்லிட்டேதான் இருக்க. மலை இங்கயேதான் இருந்துச்சு, பனியும் இருந்துச்சு. என் கால்தான் இருக்கப் போறதில்லை. உன் பேச்சைக் கேட்டுக்கிட்டுக் கீழயே உக்காந்திருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். எனக்குன்னு கிடைச்சது இந்த ஒரு நாள்தான்."

அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் சுட்டது. ரோஸ்வித்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகைகளைக் கட்டினாள். கெப்ஹார்ட் வீடு வரும் வரை பேசவில்லை. அப்படி ஒரு மௌனத்தை அவரிடம் யாரும் பார்த்ததில்லை. ரோஸ்வித்தா பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து மழை. மலையெல்லாம் சொதசொதவென்று ஆகிவிட்டது. மார்ச்சில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

இன்ஸ்ப்ருக் மருத்துவமனைக்கு கெப்ஹார்ட் பூச்செண்டோடு போனார். நல்ல மனிதர், அதை யாரும் மறுக்க முடியாது. கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "புர்கி, அன்னிக்கு... என்மேல தப்புதான்," என்றார். கண்கூடக் கலங்கிற்று. புர்கியும் நெகிழ்ந்துபோய், "விடு, போனது போகட்டும்," என்றாள். அவர் பார்வை போர்வைக்கடியில் நீண்டிருந்த அவளுடைய காலின் மேல் மெல்லப் படிந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை போயிற்று. திரும்பி வந்தது.

"டாக்டர் ஏதாவது சொன்னாரா? இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கால் லேசா நீளும்னு கேள்விப்பட்டேன். அப்படின்னா உன் உயரக் கணக்கே..."

புர்கி செவிலியை அழைக்கும் மணியை அழுத்தினாள். அழுத்தியபடியே இருந்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பனியையே பார்த்ததில்லை, நமக்கென்ன என்று தைரியமாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள்: இதைப் படித்துக்கொண்டு வருகையில் புர்கியின் உயரத்தையும் எடையையும் முழங்காலையும் கூட்டிக் கழித்து, ‘அவளுக்கு இவ்வளவுதான் சரி’ என்று உங்கள் மனதில் ஓர் எண் எட்டிப் பார்க்கவில்லையா? பார்த்திருந்தால் அதை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

முடியாது, இல்லையா?