பாக்டீரியாவுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது

"இனிமே இந்த வீட்டுல எதையும் வகைப்படுத்தாம யாரும் தொடக் கூடாது!"

என் வீட்டுக்காரர் ஜெய்சங்கர் இப்படி அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் கூடத் தேய்க்காமல். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் அவரைக் கேன்டீன் சுகாதாரக் குழுவில் போட்டிருந்தார்கள். அதற்காகப் பாக்டீரியா பற்றிய ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் பிடித்துவந்தார். அவர் மூன்று பாடம் முடிப்பதற்குள் எங்கள் குவார்ட்டர்ஸே ஆய்வுக்கூடமாகிவிட்டது.

உருண்டையாக இருந்தால் காக்கஸ். கோல் மாதிரி இருந்தால் பேசில்லஸ். சுருளாக இருந்தால் ஸ்பைரில்லம். அந்தக் கணக்கில் சீடை காக்கஸ், முருங்கைக்காய் பேசில்லஸ், மணப்பாறை முறுக்கு ஸ்பைரில்லம். எங்கள் மகள் அனுபமா பயந்துபோய் முறுக்கைக் கீழே வைத்துவிட்டாள். நான் எடுத்துத் தின்றேன்.

அப்புறம் சாயப் பாடம்.

"ஊதாச் சாயம் ஏத்திக் கழுவணும், சுபா. தடிச்ச சுவர் உள்ள பாக்டீரியா சாயத்தை விடாது. அது கிராம் பாசிட்டிவ். மெல்லிசுச் சுவர்னா ஊதா போயிடும். அது நெகட்டிவ்."

"அப்ப நீங்க பாசிட்டிவ்ங்க."

"எப்படிச் சொல்றே?" முகமெல்லாம் பல்.

"உங்க மண்டையில ஒண்ணு ஏறிட்டா எதைப் போட்டுக் கழுவினாலும் போறதில்லையே!"

அப்படிப் போகாமல் நின்ற எண்ணம் ஒன்று அவருக்கு உண்டு. ஸ்ரீரங்கத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஆரி எம்ப்ராய்டரி வகுப்பு நடக்கிறது. அதில் சேர எனக்குக் கொள்ளை ஆசை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "சனிக்கிழமை மாவு அரைக்கிற நாளாச்சே. ஆம்பளை கை பட்டா மாவு பொங்காது. எங்கம்மாவே சொல்லியிருக்காங்க."

வாரம் முழுக்க இட்லி தின்கிற மனுஷர் பேசுகிற பேச்சு.

நான் உப்பிலியபுரத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். பாக்டீரியாவை நான் கண்டதில்லை. ஆனால் இவரை நன்றாகக் கண்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை, கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"ஏங்க, மாவு எதனால பொங்குது?"

"பாக்டீரியா! உளுந்துலயும் இருக்கு, கையிலயும் இருக்கு. மாவுல இருக்கிறதைத் தின்னுட்டு வாயுவை விடும்."

"அதெல்லாம் பொம்பளை கையில மட்டும்தானே?"

"யாரு சொன்னது? பாக்டீரியாவுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது. இது அறிவியல்!"

"சும்மா இருங்க. ரஷீதா அக்கா, நீங்களே சொல்லுங்க!"

பக்கத்து வீட்டு ரஷீதா, நான் முன்னமே சொல்லிவைத்திருந்தபடி, சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "அண்ணன் கையா? கிரீஸ் தொடுற கை பட்டா மாவு பொங்காது, வழுக்கிட்டு ஓடிடும்!"

போதாதா? சட்டைக்கையை மடித்துவிட்டார் என் வீட்டுக்காரர்.

மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்தோம். ஒன்றில் அவர் கை, இன்னொன்றில் என் கை. கலக்கி முடித்து, "மாதிரி ஒன்று, மாதிரி இரண்டு" என்று சீட்டு ஒட்டப் பேனா தேடி உள்ளே போனார். அந்த இடைவெளியில் போன வாரத்துப் புளித்த மாவை ரெண்டு கரண்டி அவர் பாத்திரத்தில் விட்டுக் கலக்கினேன். என்னுடையதில் ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஊற்றினேன். அறிவியலுக்கு என்னாலான சிறு உதவி.

விடிந்ததும் ஒரே கூச்சல். அவர் மாவு மூடியைத் தள்ளிவிட்டு, மேடையைத் தாண்டி, கேஸ் சிலிண்டரை விசாரிக்கப் போய்க்கொண்டிருந்தது. என் மாவு வைத்த இடத்தில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தது.

"இப்ப என்ன சொல்றே?"

"தோத்துட்டேங்க." தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழி?

அத்தோடு விட்டாரா? போட்டோ எடுத்துக் கேன்டீன் குழுவுக்கு அனுப்பினார். அம்மாவுக்கும் அனுப்பினார். ரஷீதா வீட்டுக் கதவைத் தட்டி, "பார்த்துக்கம்மா! இந்த லைன்லயே மாவுக்கு என் கைதான் கை!" என்று மார்தட்டிவிட்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நல்ல புடவை கட்டி, அனுபமாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஸ்ரீரங்கத்துக்கு. ஆரி கிளாஸ்ல சேர்ந்துட்டேங்க."

"அப்ப மாவு?"

"எல்லாம் ஊறிட்டிருக்கு. அப்பேர்ப்பட்ட கை வீட்டுல இருக்கும்போது நான் கையை வெச்சுக் கெடுக்கலாமா?"

அவர் பழையபடி அம்மா சொன்னதைச் சொல்லிப் பார்க்கலாமென்றால், அம்மாவுக்கே போட்டோ போய்விட்டது. அதற்குள் ரஷீதா ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணே, எங்க வீட்டு மாவு. உங்க கையால இதையும் ஒரு கலக்குக் கலக்கிடுங்க!"

பஸ்ஸுக்குப் போகிற வழியில் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் அவர் தெரிந்தார், முழங்கை வரைக்கும் மாவு.

அனுபமாவும் பார்த்தாள். "அம்மா, அப்பா எந்த வகை?"

"நன்மை செய்யுற வகை, கண்ணு."