எட்டு நிமிடத்தில் முடிப்பவர்

பேனாவுக்கு மூடி மாட்டும் அந்த ‘டக்’ சத்தத்தைப் பதினெட்டு வருடமாகக் கேட்டுவருகிறேன். காலை ஒன்பதே காலுக்கு எங்கள் டீக்கடையில் அது கேட்டால், ஜன்னலோர மேஜை கிளிஃபர்ட் குறுக்கெழுத்தை முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பென்சிலைத் தொடமாட்டார், ‘நீர்நாய்’ என்ற பெயரில் புதிர் போடுகிறவரை ஒருநாளும் பார்த்ததில்லை என்றாலும் கூடவே வளர்ந்தவர்போலப் பேசுவார், டையில் நீர்நாய், குடையின் பிடியில் நீர்நாய், எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்பதைத் தபால்காரரிடமும் தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும் நாயிடமும் சொல்வார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்பதில்லை. அதனால்தான் சொல்கிறார்.

கணவர் இறந்தபின் காலைப் பொழுதைத் தள்ளக் குறுக்கெழுத்தில் இறங்கியவர் அடுத்த மேஜை மேவிஸ். ஒரு சனிக்கிழமை வந்த புதிர் முழுக்க ரசிகர்களைப் பற்றியது.

“கிளிஃபர்ட், இடமிருந்து வலம் பதினேழுக்கு ஒரு எழுத்தாவது சொல்லுங்களேன்.”

“சொன்னா ருசி போயிடும், கண்ணு. இதெல்லாம் ரத்தத்துல ஊறணும். எனக்கு எட்டு நிமிஷம்!”

டக். பேப்பரை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

“எனக்கு மண்டையில ஒண்ணும் இல்ல போல,” என்றார் மேவிஸ் என்னிடம். “திங்கக்கிழமைலேருந்து ஒரு விடையும் வரல.”

கிளிஃபர்டின் கோப்பையை எடுத்தேன். அடியில் அவருடைய கட்டங்கள். முதல் நான்கு சொற்கள் சரி. மற்றதெல்லாம் கைக்கு வந்த எழுத்து. பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள் நான். ஆனாலும் ஐந்து ‘கியூ’ எழுத்து வரிசையாக வரும் சொல் இங்கிலாந்தில் இல்லை என்பது எனக்கே தெரியும்.

எனக்கு ஆறுதல் பேச வராது. பேப்பரை மேவிஸின் டீ பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

“அடப்பாவி மனுஷா!” மேவிஸ் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. பிறகு தன் பேப்பரைப் பிரித்துப் பதினேழாவது குறிப்பை வாசித்தார். “தோக்குற டீமுக்காக மழையில நிக்கிறவன்... அட, எங்க வீட்டுக்காரரு! அவரோட டீம் ஸ்கார்ஃபை முப்பது வருஷம் துவைச்சவளுக்கா தெரியாது?”

திங்கட்கிழமை நேராகக் கிளிஃபர்டின் மேஜைக்குப் போனார், பென்சிலோடு. “கொஞ்சம் தள்ளுங்க. கியூ எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்.”

கிளிஃபர்ட் காது சிவக்கத் தன் கோப்பையை நகர்த்தினார்.

சிரிக்கிறீர்களா? படிக்காத புத்தகத்துக்கு நீங்கள் தலையாட்டியதே இல்லையா? புரியாத நகைச்சுவைக்கு அரை நொடி தாமதமாகச் சிரித்ததில்லையா? பார்த்து நடந்துகொள்ளுங்கள். உங்கள் மேஜையையும் யாரோ துடைக்கிறார்கள்.

இப்போது ஜன்னலோர மேஜையில் இரண்டு பேர் உட்காருகிறார்கள். ‘டக்’ சத்தம் பத்தே முக்காலுக்குக் கேட்கிறது.